அராம்புருவின் கேட்

மாவட்ட முதியோர் நலப் பிரிவின் கோப்பில் லியோட்டா பட்ஜ் இப்படி இருக்கிறாள்: "வயது எழுபத்தொன்று. தனித்து வாழ்பவர். அன்றாட வேலைகளுக்குப் பிறர் உதவி தேவை." இதை எழுதிய அதிகாரியின் கார் மணலில் புதைந்தபோது டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டவள் லியோட்டாதான். அது கோப்பில் இல்லை.

மாடு மேய்த்துப் பிழைக்கும் மெர்சர் ஃப்ளாட் என்ற அந்த ஊரில் சட்டத்தை யாரும் பெரிதாக மதிப்பதில்லை, கேட்டை மதிப்பார்கள். அடுத்தவன் மேய்ச்சல் நிலத்தில் திறந்திருந்த கேட் திறந்தே இருக்க வேண்டும், மூடியிருந்தது மூடியே. ஏன் என்று கேட்பவன் நகரத்துக்காரன்.

பல வருடங்களுக்கு முன் பெலிக்ஸ் அராம்புருவின் கேட் திறந்து கிடந்து, ஊர்க் காளைகளெல்லாம் அவனுடைய பசுக்களோடு கலந்துவிட்டன. கடைசியாக அந்த வழியே போனது லியோட்டாவின் வண்டி. திறக்கவில்லை என்றாள். அவன் நம்பவில்லை. அன்றிலிருந்து பேச்சில்லை. மாட்டுக்கு அடையாளச் சூடு போடும் நாளில் மட்டும் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டார்கள், வாய் திறக்காமல்.

ஆகஸ்ட்டில் ஒரு நாள், கோடை முழுக்கத் திறந்தே கிடக்கும் அவனுடைய கிணற்றடிக் கேட் மூடியிருந்தது. முறைப்படி லியோட்டா அதைத் தாண்டிப் போனாள். ஆனால் தொட்டி நிரம்பித் தளும்பியதும், ஈர மண்ணில் ஒரு குளம்புத் தடம்கூட இல்லாததும் கண்ணில் பட்டுவிட்டன. வேலிக்கு அந்தப் பக்கம் பசுக்கள் நாக்கைத் தொங்கப் போட்டு நின்றன.

ஊர்க் கடையில் கடைக்காரி இமோஜீன் லியோட்டாவுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பெலிக்ஸ் எங்க?"

"கன்னுக்குட்டி விக்கச் சந்தைக்குப் போயிருக்கான். பொழுது சாஞ்சுதான் வருவான். போனும் எடுக்கமாட்டான்."

"கிணத்தடி கேட் மூடிக் கெடக்கு."

"நானும் பார்த்தேன். ஊரே பார்த்துச்சு. நம்ம கேட்டா அது?"

"மாடு தவிக்குது, இமோஜீன்."

"தண்ணி கெட்டுப்போயி மூடியிருந்தா? நீ திறந்துவிட, அத்தனையும் செத்துக் கெடக்கும். போன தடவை திறந்ததுக்கே இன்னும் உன்கூடப் பேசல."

"நான் திறக்கல."

"சரிம்மா தாயே, கேட் தானே திறந்துக்கிச்சு."

லியோட்டா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

பொழுது சாயும்போது பெலிக்ஸ் வந்தான். கேட் திறந்திருந்தது. பசுக்கள் குடித்துவிட்டுப் படுத்திருந்தன. லியோட்டா வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

"யாரு திறந்தது?"

"இந்தத் தடவை நான்தான்."

"யாரைக் கேட்டுத் திறந்த?"

"மாட்டைக் கேட்டு."

பெலிக்ஸ் திட்ட வாயெடுத்தான். அதற்குள் தொட்டியின் விளிம்பில் அவனுடைய ஸ்பேனர் தெரிந்தது. விடிகாலையில் தொட்டி நிரம்பியதும் தண்ணீரை நிறுத்தும் மிதவையைச் சரிசெய்ய, மாடு கிட்டே வராமலிருக்கக் கேட்டை மூடியவன் அவனேதான். திறக்க மறந்து சந்தைக்குப் போயிருந்தான்.

ஸ்பேனரை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். "தண்ணி கெட்டிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"செத்திருப்பேன். பேசாம இருக்க உனக்கு இன்னும் வசதியாப் போயிருக்கும்."

அவன் சிரிக்கவில்லை. "காப்பி இருக்கு, வந்து குடிச்சிட்டுப் போ" என்றான்.

அடுத்த வருடக் கோப்பில், "நிலையில் மாற்றமில்லை" என்று எழுதியிருக்கிறது.

அன்று லியோட்டா செய்தது இது: மாட்டுத் தொட்டியில் கை குவித்துத் தண்ணீரைக் குடித்தாள், வயிறு என்ன சொல்கிறது என்று காத்திருந்தாள், பிறகு அடுத்தவன் கேட்டைத் திறந்துவிட்டு, அவன் வரும்வரை அங்கேயே இருந்தாள்.