செங்கல் மேல் நின்ற கார்

வேலையால் வந்ததும் என் கணவர் முதற் காரியமாகச் சைக்கிளின் முன் சக்கரத்து வால்வைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். உஸ்ஸென்று காற்று இறங்கும். காலையில் பம்பைத் தேடி எடுத்து, மூச்சு வாங்க வாங்க மறுபடியும் அடித்துக்கொண்டு தாம்பரத்துக்குப் புறப்படுவார். கீழ்க்கட்டளைக்குக் குடி வந்த நாள் தொட்டு இதே கூத்துத்தான். வீட்டுச் சொந்தக்காரி ஸ்டெல்லா டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சார், இன்னிக்கும் பஞ்சரா?" என்று பரிதாபப்படுவார். இவரும் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவார்.

அக்கரையில், எங்கள் ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அங்கே ஓடுகிற வாகனம் வைத்திருந்தால் யாராவது கேட்டு வருவார்கள். இயக்கமோ ராணுவமோ, எந்தப் பக்கத்தார் வந்தாலும் தோளில் துவக்கோடுதான் வருவார்கள். அதனால் சாவகச்சேரியில் எங்கள் ஏ ஃபோர்ட்டி காரிலிருந்து இவர் ரோட்டரைக் கழற்றிவிட்டார். ரோட்டர் என்பது கட்டைவிரல் அளவுக் கறுப்புத் துண்டு. அது இல்லாவிட்டால் எஞ்சின் பிடிக்காது. வந்தவர்கள் சாவியைத் திருகிப் பார்த்துவிட்டு, ஏசிவிட்டுப் போனார்கள், கார் தப்பியது. தொண்ணூறில் படகேறியபோது என் தாலிக்கொடியை விடக் கவனமாக அந்த ரோட்டரைத்தான் இவர் மடியில் முடிந்து வந்தார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இங்கே வந்ததும் அது என் கடுகு டின்னுக்குள் குடியேறியது.

எங்கள் தம்பி கனடாவுக்குப் போகும்போது ஒரு பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தான். அது டீச்சர் வீட்டு வாசலுக்குள் நின்றது. அடுத்த ஆண்டுக் கோடையில், உங்களுக்குத் தெரிந்த அந்தக் கொலைக்குப் பிறகு, எங்கள் பேச்சைக் கேட்டாலே பஸ்ஸில் திரும்பிப் பார்த்தார்கள். நான் கடையில் வாய் திறக்காமல் கையால் காட்டிச் சாமான் வாங்கினேன். சிலோன்காரர் வீடுகளுக்குப் பொலிஸ் வந்து போனது. "ஓடாத காரை ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான்" என்று சொல்லி, இவர் ஊர் வழக்கப்படி ஹெரால்டைக் கழற்றத் தொடங்கினார். சக்கரங்கள் கட்டிலுக்கு அடியில் போயின. ரேடியேட்டரும் டைனமோவும் சாக்குக்குள் போயின. பாட்டரியைப் பொலித்தீனில் சுற்றித் தோட்டத்தில் புதைத்தார். ரோட்டரை எனக்கும் சொல்லாமல் எங்கோ ஒளித்தார். கார் நான்கு செங்கல் அடுக்கில் நின்றது. பாவி எனக்கு அன்றுதான் நித்திரை வந்தது.

பிறகு அந்த மிச்சக் கூட்டை விற்றுத் தொலைப்போம் என்று பல்லாவரத்துக் காயலான் கடைக்காரரை அழைத்தோம். அவர் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னாம்மா இது? செம்பு, பித்தள ரேடியேட்டர்ல. ஈயம் பாட்ரில. அதெல்லாம் இல்லாம மிச்சம் கீறது வெறும் தகரம். தகரத்துக்கு இன்னா வெல வரும்?"

"எவ்வளவெண்டாலும் பரவாயில்லை, கொண்டு போங்கோ" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "வெலய வுடும்மா. சிலோன்காரங்க வூட்லேர்ந்து அர வண்டிய எட்த்துக்கினு போனா, மீதி அர எங்கடான்னு போலீஸ்காரன் என்னப் புட்சு கேப்பான். பேஜார். முழுசா இருந்து, தானா ஓடி வெளிய வந்தா நா எட்த்துக்கறேன்."

அவர் சொன்னது மறுநாளே பலித்தது. சிலோன்காரர் பதிவு பார்க்க வந்த கான்ஸ்டபிள் காரைச் சுற்றி வந்தார். "பாட்டரி எங்க? டைனமோ எங்க? எல்லாம் போட்ல அக்கரைக்குப் போயிடுச்சா?" என்றார். பாட்டரி எங்கள் பக்கத்தில் தடை செய்த சாமான் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அங்கே பாகம் குறைந்தால் கார் தப்பும். இங்கே பாகம் குறைந்ததால் நாங்கள் அகப்பட்டோம். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதை! "இல்லை ஐயா, வீட்டுக்குள்ளதான் கிடக்கு" என்று இவர் திக்கித் திணறினார்.

"சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருவாரு. வண்டிய ஓட்டிக் காட்டு. இல்லேன்னா குடும்பத்தோட கேம்ப்தான்."

இருந்த பாகங்களைப் பூட்டத் தொடங்கினோம். ஆனால் பகல் வெளிச்சத்தில் இரண்டு சிலோன்காரர் மண்ணுக்குள் இருந்து பொலித்தீன் பொதியைத் தோண்டி எடுத்தால் தெரு என்ன நினைக்கும்? நான் மதிலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் மாடியிலிருந்து இறங்கி வந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டார். "என் தோட்டம், நான் தோண்டறேன். யாராவது கேட்டா ரோஜா வைக்கறேன்னு சொல்லிக்கறேன்" என்று புடவையைச் செருகினார். அந்த மனுஷியின் காலில் விழலாம் போலிருந்தது.

எல்லாம் வந்தது, ஹெரால்டின் ரோட்டர் மட்டும் வரவில்லை. இவர் ஒளித்த இடத்தை மறந்துபோனார். அரிசி வாளி, தலையணை, மாடிப்படி, ஒரு இடம் பாக்கியில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் இவர் அடுப்படிக்கு வந்தார். கடுகு டின்னைக் கவிழ்த்தார். எங்கள் ஏ ஃபோர்ட்டியின் ரோட்டரை வேட்டித் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனார்.

பொருந்தியது! எஞ்சின் பிடித்தது.

சனிக்கிழமை இவர் காரை வாசல் வரை ஓட்டிக் காட்டினார். இன்ஸ்பெக்டர் ஓரத்தில் கிடந்த செங்கல்லைப் பார்த்து, "நல்லாதானே ஓடுது, எதுக்கு செங்கல் மேல வெச்சீங்க?" என்று கேட்டார். "டயர் தேயும் எண்டு ஐயா" என்றார் இவர். ஓடாத காரில் டயர் எப்படித் தேயும் என்று அவர் கேட்கவில்லை. சிரித்துவிட்டுப் போனார்.

திங்களன்று காயலான் கடைக்காரர் வந்தார். முழு வண்டிக்கு முழு விலை தந்தார். அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும் இவர் பானெட்டின் மேல் கை வைத்தார். எங்கள் ரோட்டரைத் திருப்பிக் கேட்கப்போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. "இஞ்சேருங்கோ, வாயைத் திறக்காதேங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்தேன். இனி ஒரு ஆணி குறைந்தாலும் எனக்குத் தாங்காது. சாவகச்சேரியிலிருந்து வந்த ரோட்டர் சுழலச் சுழல, அந்தக் கார் பல்லாவரம் ரோட்டில் ஏறிப் போனது. இவர் அன்று சாப்பிடவில்லை.

தைப்பொங்கலுக்குத் தூசி தட்டியபோது, குன்றத்தூர் முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஹெரால்டின் ரோட்டர் தொப்பென்று விழுந்தது. அதன் கார் எப்போதோ தகரமாகிவிட்டது. நான் குப்பையில் போடப் போனேன். இவர் பறித்துக்கொண்டார். "விசரே உமக்கு? எங்கட ஏ ஃபோர்ட்டிக்கு இது பொருந்தும். ஊருக்குப் போனவுடனே போட்டு ஸ்டார்ட் பண்ணலாம்."

ஏ ஃபோர்ட்டி இன்னும் அங்கே நிற்கிறதா என்று இவர் யாரையும் கேட்பதில்லை. நானும் எழுதிக் கேட்பதில்லை. என்ன பதில் வருமோ என்ற பயம்தான். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசல் கதவை யாரோ தட்டுகிறார்கள். டீச்சராக இருக்கும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கும். இவர் பையிலிருந்து சைக்கிள் வால்வை எடுத்து என் கையில் திணிக்கிறார். நான் கடுகு டின்னைத் திறந்து, ரோட்டருக்குப் பக்கத்தில் அதையும் புதைத்துவிட்டு, "ஆரது?" என்று கேட்கிறேன். பிறகு, இந்த ஊர்க் குரலில், "யாருங்க?" என்று திருத்திக் கேட்கிறேன்.