முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு சாண்

கனடாவில், ஸ்காபரோவில் ஓர் இறைச்சிக்கடையில் இருபது வருடமாக ஆடு வெட்டுகிறேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை, பெருமைக்குக் குறைச்சலும் இல்லை. கண்ணைக் கட்டிவிட்டு ஓர் ஆட்டைக் கூறுபோடச் சொன்னாலும் போடுவேன் என்று கடையில் வாய்க்கு வாய் சொல்வேன். அந்த வாய்தான் பிறகு என்னை மாட்டிவிட்டது.

மான் வேட்டை ஆசை என் மைத்துனனால் வந்தது. மனைவியின் தம்பி, அமெரிக்காவில் ரெக்சஸில் இருக்கிறான். அங்கே அவன் ரிவோல்வரால் மான் சுடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தொலைபேசியில் முகத்தைக் காட்டி வேட்டைக் கதை சொல்வான். கொஞ்ச நாளில் எனக்கு ஒன்று விளங்கியது. அவன் கதைகளில் பெரும்பாலானவை சுடாமல் விட்ட கதைகள்.

"நேத்து ஒண்டு வந்திச்சு அத்தான். நல்ல கொம்பு. ஆனா முகத்த எனக்கு நேர வச்சுக்கொண்டு நிண்டிச்சு. விட்டுட்டன்."

"முன்னாலை நிண்ட மானை விட்டிட்டு என்ன வேட்டை?" என்று நான் கேட்டேன்.

அவன் கோபிக்கவில்லை. கைத்துவக்கின் குழல் கட்டையானது, கை ஒரு மயிரளவு ஆடினால் அங்கே ஒரு சாண் விலகும் என்றான். தலைக்குக் குறிவைப்பதில்லை, ஏனென்றால் மான் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். தப்பினால் தாடை உடைந்து பட்டினி கிடந்து சாகும். மான் பக்கவாட்டில் நிற்கவேண்டும், முன்னங்கால் ஓரடி முன்னே போயிருக்கவேண்டும், அந்த இடத்தில்தான் இருதயமும் நுரையீரலும். "பேப்பர் பிளேட் ஒண்ட மரத்தில குத்துங்க அத்தான். அஞ்சு வெடியும் அதுக்குள்ள விழுற தூரம் எதுவோ, அதுதான் உங்கட தூரம். அதுக்கு அங்கால நிக்கிறது உங்கட மான் இல்ல."

இங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் கைத்துவக்கோடு வேட்டைக்குப் போகமுடியாது. வேறு துவக்கு வாங்கலாம் என்று வாயெடுத்தேன். மனைவி முடிக்கவிடவில்லை.

"துவக்குச் சத்தத்துக்கு ஓடி வந்த ஆக்கள் நாங்க. இஞ்ச வந்து அதக் கட்டிலுக்குக் கீழ வைக்கப் போறீங்களா?"

துவக்கு யோசனையை அத்தோடு விட்டேன். வேட்டைக்கான வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, ஒரு குறொஸ்போ வாங்கினேன். துவக்குப் போலத் தோளில் வைத்து விசையை இழுத்தால் அம்பு போகும். சத்தம் அவ்வளவாக இல்லை. ரிவோல்வரைப் போலவே கிட்ட நின்றுதான் எய்யவேண்டும். மைத்துனனின் பிளேட் சட்டம் எனக்கும் அப்படியே பொருந்தியது.

வில்லுக்குச் சம்மதித்த மனைவி ஒரு நிபந்தனை வைத்தாள். அவள் மட்டக்களப்புக்காரி, சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. முதியோர் இல்லத்தில் வேலை. பலரின் கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்தவள்.

"சாகிறது எல்லாரும்தான். இழுபடுறதத்தான் எனக்குப் பாக்க ஏலாது. நீங்க மானோட வந்தா நான் ஒண்டுதான் கேப்பன். எவ்வளவு நேரம் எண்டு. இழுபட்டதெண்டா இறைச்சி இந்த அடுப்புக்கு வராது, வில்லும் இந்த வீட்டில இராது."

பிறகு இன்னொன்றும் சொன்னாள். இல்லத்தில் ஒருவர் போனதும் பிள்ளைகள் வந்து அவளிடம் கேட்பார்களாம், நொந்ததா என்று. இல்லை, நித்திரை போலப் போய்விட்டார் என்று சொல்வாளாம். சில நாள் அது உண்மை, சில நாள் இல்லை. "சொல்லிச் சொல்லி எனக்கு அந்தச் சொல்லிலயே நம்பிக்கை போயிட்டுது. அதால எனக்கு அதச் சொல்லாதீங்க." அப்போது அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. வில் கிடைத்த சந்தோசத்தில் எதற்கும் தலையாட்டியிருப்பேன்.

வேட்டைக்கு எனக்குத் துணை, பஸ் ஓட்டும் ஓர் அண்ணை. என்னைவிட நாலு வயது மூப்பு. பிக்கரிங்கில் வீடு. அவரோடு வேலை செய்கிற ஒருவருக்கு வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் பற்றையும் மரமுமாய் ஒரு காணி இருந்தது, அங்கே போக அனுமதி வாங்கியதும் அவர்தான். வேட்டையில் அவருக்குப் பிடித்த பகுதி சாப்பாடு.

முதலில் பயிற்சி. தங்கையின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு செய்து மிஞ்சிய பிளேட்டுகள் எங்கள் நிலக்கீழ் அறையில் கட்டுக்கட்டாய் இருந்தன, விளிம்பில் தங்க நிறப் பூவேலையோடு. அவற்றைக் கொண்டுபோய் வில் பயிற்சி மைதானத்தில் குத்தினேன். இருபத்தைந்து மீற்றரில் ஐந்து அம்பும் பூவேலைக்குள் விழுந்தன. முப்பதில் மூன்றுதான். ஆக, என் தூரம் இருபத்தைந்து. ஒற்றை ஓட்டை விழுந்த பிளேட்டுகளை எறிய மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் பிழை. ஒரு விரதச் சாப்பாட்டன்று அதில் ஒன்று மார்க்கம் நகரில் இருந்து வந்த அன்ரியின் கைக்குப் போய், பருப்பு முழுக்க அவர் சேலைக்கு இறங்கிவிட்டது. அந்த அன்ரி இன்றைக்கும் எங்கள் வீட்டில் பிளேட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துத்தான் சோறு வாங்குவார்.

பிளேட் முடிந்ததும் மைதானத்தில் நின்ற றப்பர் மானிடம் போனேன். எங்கே குறிவைப்பது என்று படத்தில் காட்ட அங்கே பொறுப்பாக இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி வந்தார். நான் சிரித்தேன். "எனக்கா? நான் இருபது வருசம் இதுக்குள்ளை கை விட்டவன்."

தினமும் பார்க்கிற கணக்குத்தான். முன்னங்காலில் இருந்து பின்பக்கமாக ஒரு சாண், அங்கேதான் இருதயம் இருந்த குழி. எய்தேன். மூன்று அம்பும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. கூட வந்திருந்த அண்ணை கைதட்டினார். பெண்மணி கிட்டப்போய்ப் பார்த்தார்.

"மிக அழகான குறி," என்றார். "இந்த மான் நிச்சயம் சாகும். ஆனால் நாளைக்கு."

மூன்றும் வயிற்றில். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அப்படி இருக்கமுடியாது, உங்கள் றப்பர் மான்தான் பிழை என்று வாதாடினேன். அவர் புன்னகையோடு போய்விட்டார். கனடாவில் சண்டைக்கு ஆள் பிடிப்பது கஷ்டம்.

அடுத்த நாள் கடையில் கொழுக்கியில் தொங்கிய ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குத் திடீரென்று உறைத்தது. கடைக்கு ஆடு உரித்துத்தான் வரும்; இருபது வருடமாக நான் வெட்டிய ஒரு ஆடும் நிற்கவில்லை. எல்லாம் பின்னங்காலில் தொங்கின. தொங்கும்போது முன்னங்கால்கள் கழுத்துப் பக்கமாகச் சரிந்துவிடும். தோளும் கூடவே போகும். நான் சாண் வைத்து அளந்தது அந்தச் சரிந்த காலில் இருந்து. நிற்கிற ஆட்டில் கால் திரும்பத் தன் இடத்துக்கு வந்துவிடும், முழங்கை இருதயத்தை மூடிக்கொண்டு நிற்கும்.

சரிபார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆட்டை இறக்கி மேசையில் கிடத்தி, முன்னங்காலைப் பின்னுக்கு இழுத்து, நிற்கிற மாதிரி மடக்கிப் பிடித்தேன். பக்கத்தில் நின்று பார்த்தேன், தூரப் போய்ப் பார்த்தேன். குனிந்து பார்த்தேன். அந்தப் பெண்மணி சொன்னதுதான் சரி. காலுக்குப் பின்னால் சாண் இல்லை, இரண்டு விரல். மார்பில் இருந்து மேலே மூன்றில் ஒரு பங்கு. வரிசையில் நின்ற அங்கிள் ஒருவர் பொறுமையிழந்து கேட்டார்.

"தம்பி, உந்த ஆட்டை எழுப்பி நடக்க விடப்போறீரோ? எனக்கு ரெண்டு கிலோ போதும்."

கடை முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அங்கிளுக்கு இரண்டு கிலோ வெட்டிக் கொடுக்கும்போதும் நினைப்பு மானில்தான் இருந்தது. அந்த வாயோடும் அந்தச் சாணோடும் நேரே காட்டுக்குப் போயிருந்தால் ஒரு உயிர் என் பெருமைக்காக ஓர் இரவு முழுக்கத் துடித்திருக்கும். எனக்கு உண்மையில் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

முதல் வருடம் நாங்கள் மானே காணவில்லை. அண்ணை சூடான மட்டன் ரோல்ஸைப் பெட்டியோடு நாங்கள் ஒளிந்திருந்த மறைப்புக்குள் கொண்டுவந்திருந்தார். அந்த வாசத்துக்கு ஸ்காபரோச் சனம் ஓடி வந்திருக்கும், மான் எப்படி வரும்? இரண்டாம் வருடம் ரோல்ஸ் காரில் இருந்தது, மானும் வந்தது. பெரிய கொம்பன். பதினைந்து மீற்றரில், நெஞ்சை எங்களுக்கு நேரே காட்டிக்கொண்டு நின்றது. அண்ணை என் தொடையில் கிள்ளினார். நான் விரலை விசையில் வைக்கவில்லை. முன்னால் இருந்து போகும் அம்புக்கு நெஞ்சு எலும்பு குறுக்கே வரும்; ஒரு பக்க நுரையீரலோடு அது எங்கெல்லாமோ ஓடும். திரும்பு, திரும்பு என்று மனதுக்குள் கெஞ்சினேன். அது திரும்பியது, பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போய்விட்டது.

காரில் வரும்போது அண்ணை வழியில் நிறுத்திக் கோப்பி வாங்கினார். ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார். "உம்மடை கடைப் பெயரை மாத்தும். ஜீவகாருண்ய இறைச்சிக்கடை."

அந்தப் பெயர் ஒரு வருடம் என்னோடு இழுபட்டது.

போன கார்த்திகையில் மூன்றாம் முறை போனோம். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னர் பெட்டை மான் ஒன்று தேவதாரு மரங்களுக்குள் இருந்து வந்தது. அதோடு குட்டி ஏதும் இல்லை. இருபது மீற்றரில் பக்கவாட்டாக நின்றது, ஆனால் எங்கள் பக்கத்து முன்னங்கால் பின்னுக்கு இருந்தது. முழங்கை மூடிக்கொண்டிருந்தது. நான் என் மேசையில் கிடந்த ஆட்டை நினைத்தேன். காத்திருந்தேன். அண்ணை இந்த முறை கிள்ளவில்லை. மூச்சைக்கூட விடவில்லை என்று பிறகு சொன்னார். மான் ஒரு புல்லைக் கடிக்கக் காலை முன்னே எடுத்து வைத்தது.

எய்தேன். மான் துள்ளி மரங்களுக்குள் பாய்ந்தது. அந்தக் கணத்தில் இருந்து நான் எண்ணத் தொடங்கினேன், மனைவிக்குப் பதில் சொல்லவேண்டுமே. எட்டில் சருகுக்குள் ஏதோ பாரமாக விழுந்த சத்தம் கேட்டது.

உடனே ஓடிப் போகக்கூடாது. உயிர் மிச்சம் இருந்தால் மனிதச் சத்தத்துக்கு எழுந்து இன்னும் ஓடும், இன்னும் நோகும். அரை மணித்தியாலம் இருக்கவேண்டும். அந்த அரை மணித்தியாலத்தைப் போல நீளமான ஒன்றை நான் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை. அகதிக் கோரிக்கை விசாரணைக்கு வெளியே இருந்தபோதுகூட இப்படி வியர்க்கவில்லை. சரியாகத்தான் பட்டதா? கேட்டது மான் விழுந்த சத்தம்தானா, தடக்கிய சத்தமா? அண்ணை காருக்குப் போய் ரோல்ஸை எடுத்துவந்து எனக்கும் ஒன்று நீட்டினார். வேண்டாம் என்றேன். என் பங்கையும் அவரே சாப்பிட்டார்.

மான் நாற்பது கவடு நடந்த தூரத்தில் கிடந்தது. கண் திறந்திருந்தது, மூச்சு இல்லை. கிழித்துப் பார்த்தேன், அது என் தொழில். அம்பு இரண்டு நுரையீரலையும் துளைத்து மறுபக்கத்தால் போயிருந்தது. வயிறு தொடப்படவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கியது. சந்தோசமா துக்கமா என்று கேட்டால் இரண்டும்தான், சந்தோசம் கொஞ்சம் அதிகம். அண்ணை மானின் கழுத்தை ஒருமுறை தடவிவிட்டு, "கடைப் பெயர் பழைய பெயரே இருக்கட்டும்," என்றார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மனைவி வேலையால் வந்து தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணை வெற்றி வீரன்போல எனக்கு முன்னால் உள்ளே போனார். அவள் அவரையும் பார்க்கவில்லை, இறைச்சிப் பெட்டியையும் பார்க்கவில்லை.

"எவ்வளவு நேரம்?" என்றாள் என்னிடம்.

"உடனை, தங்கச்சி," என்றார் அண்ணை முந்திக்கொண்டு. "டக்கெண்டு. நித்திரை மாதிரி."

அவள் முகம் மாறவில்லை. என் பதிலுக்காக நின்றாள். அண்ணை சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மூன்று வருடக் காத்திருப்பு, அழகான இறைச்சி, வில் வேறு. ஆனால் அந்தச் சொல்லை அவள் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பாள்.

"உடனை இல்லை," என்றேன். "எட்டு எண்ணினன். எட்டிலை விழுந்த சத்தம் கேட்டது. அதுக்குப் பிறகு அரை மணித்தியாலம் கிட்டப் போகேல்லை. அதாலை மிச்சம் எனக்குத் தெரியாது. நான் போய்ப் பாக்கேக்கை மூச்சு இல்லை."

அவள் அடுப்பை அணைத்தாள். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு எண்ணத் தொடங்கினாள், வாய்விட்டு, அவசரமில்லாமல். ஒண்டு. ரெண்டு. மூண்டு. நானும் அண்ணையும் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் நின்றோம். அஞ்சு என்றபோது அண்ணை தொப்பியைக் கழற்றினார். காட்டில் சட்டென்று போன எட்டு அந்த அடுப்படியில் போக மறுத்தது. ஏழு. எட்டு.

"கொஞ்ச நேரமில்ல," என்றாள்.

"ஓம்," என்றேன்.

கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, மேல் தட்டில் இருக்கும் பெரிய சட்டியை இறக்கித் தரச் சொன்னாள்.