பத்து மணிக்கு முன் மத்தி இல்லை

மீன்கார அஞ்சலை ஆள் பார்த்து விலை சொன்னவள் என்று எங்கள் பிளாக் முழுவதும் பேசுகிறார்கள். தவறு. முப்பது ஆண்டுகள் அவளிடம் மீன் வாங்கியவள் நான். அத்தனை ஆண்டும் அவளோடு சண்டை போட்டவளும் நான்தான். அவளைக் குறைசொல்ல என்னைவிட யாருக்கும் உரிமை இல்லை.

போன வெள்ளிக்கிழமை சந்தையில் அவள் இடத்தில் மருமகள் மட்டும் கூடையில்லாமல் நின்றாள்.

"அத்த தவறிடுச்சிங்கம்மா. செவ்வாக்கெழம. ஒங்ககிட்ட சொல்லலன்னா திட்டுவீங்கன்னு வந்தேன்."

திட்டத்தான் செய்தேன். மூன்று நாள் கழித்தா சொல்வது?

அஞ்சலை விலையை மாற்றுவாள், உண்மைதான். புரட்டாசியில் பாதி வீடுகள் மீனைத் தொடுவதில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள். அப்போது வஞ்சிரத்தைப் பாதி விலைக்கு என் முன்னால் வைத்து, "இந்த மாசம் ஏசு சாமிதாங்க எங்களக் காப்பாத்துறாரு" என்பாள். ஐப்பசி பிறந்ததும் அதே மீன் இரண்டு மடங்கு. போன வாரம் என்ன விலை சொன்னாய் என்று ஒரு முறை அதட்டினேன். "போன வாரம் நீங்க ஒருத்தருதாங்க. இன்னிக்குப் பின்னாடி திரும்பிப் பாருங்க" என்றாள். சைக்கிள் ஸ்டாண்டு வரை ஆட்கள். அவள் பார்த்தது கூட்டத்தை, முகத்தை அல்ல.

மத்தி மட்டும் வேறு. இதயத்துக்கு நல்லது என்று யாரோ ஒரு மருத்துவர் சொன்னாலும் சொன்னார், அதுவரை மூக்கைப் பிடித்துக்கொண்டு போன குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லோரும் மத்தி கேட்டோம். என் கணவர் அப்போது உயிரோடு இருந்தார். அவருக்காக நானும் கேட்டேன். "பத்து மணிக்கு மேல வாங்க" என்றாள். இரவு ஷிப்ட் முடித்துத் திரும்பும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வாங்கிப் போன பிறகுதான் எங்களுக்காம்.

"என் பணம் பணமில்லையா? விலையை ஏற்றிச் சொல், தருகிறேன்."

"ஏத்துனா நீங்க வாங்குவீங்க, அதுங்க வாங்காது. ஒங்களுக்கு வஞ்சிரம் இருக்குது. அதுங்களுக்கு இத வுட்டா இன்னா இருக்குது? நாளைக்கே டாக்டரு வேற சொன்னா நீங்க வேற துன்னப் போயிடுவீங்க. அதுங்க தெனம் வரும்."

விலை ஏறினால் வாங்குவோர் குறைவர் என்று கான்வென்டில் மனப்பாடம் செய்தவள் நான். குறைவது யார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இவள் எனக்குச் சொல்வதா என்ற எரிச்சலில் வீட்டுக்கு வந்து சந்தைக் குழுவுக்குப் புகார் எழுதினேன். 'ஆள் பார்த்து விலை சொல்கிறாள்.' அந்த வாக்கியம் என்னுடையது. மத்திக்கு அவள் ஒரு ரூபாய்கூட ஏற்றியிருக்கவில்லை.

குழு அவளைக் கூப்பிட்டு விசாரித்தது. அடுத்த வாரம் என் மீனை நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "லட்டரக் காட்டுனாங்க. நமக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா எழுத்து முத்து முத்தா இருந்துது." வழக்கம்போல் தலைத்துண்டை எனக்கே போட்டாள். அதற்குப் பிறகாவது நான் புகாரைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். பெறவில்லை.

இப்போது அந்த இடத்தை மருமகள் கேட்கிறாள். கோப்பில் புகார் இருக்கிறது என்று குழு கையை விரிக்கிறது. இருக்கிறது. அது பொய்ப் புகார்.

அஞ்சலையிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான்: பத்து மணிக்கு முன் நான் மத்தி கேட்பதில்லை. அந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்தால், கேட்ட உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்; ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கு மிஞ்சாது.

சந்தைக் குழுச் செயலாளருக்கு: என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். இடம் மருமகளுக்கு உண்டா இல்லையா என்று எனக்கு எழுத்தில் பதில் தரவும்.