கன்னியப்பன் பார்க்காத வெளிச்சம்

வல்லத்துக்கு மேற்கே, ஏரிக்கு அந்தண்டை இருந்த முப்பது வீட்டுக்கும் வெளிச்சம் கொடுக்கிற வேலை கன்னியப்பனுடையது. அந்த வெளிச்சத்தை அவன் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் சத்தியம்.

தொண்ணூற்றொன்றிலும் மின்கம்பம் ஏரியைத் தாண்டவில்லை. அதனால் அரசாங்கத்துக்காரர்கள் வந்து ஒரு கொட்டகையின் மேல் சோலார் தட்டுகளைப் பொருத்தி, உள்ளே பேட்டரிகளை அடுக்கி, வீட்டுக்கு ஒரு டியூப்லைட் மாட்டிவிட்டுப் போனார்கள். பார்த்துக்கொள்ளக் கன்னியப்பனை வைத்தார்கள். பகலெல்லாம் தட்டைத் துடைப்பான், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவான். அந்தச் சம்பளம் உப்புக்கும் காணாது. அதனால் வெயில் சாய்ந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன் ஷிப்டுக்குப் போய்விடுவான். நள்ளிரவில் திரும்பும்போது ஊர் இருட்டிக் கிடக்கும்.

கொட்டகைச் சுவரில் ஒரு பெட்டி உண்டு. பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டால் அந்தப் பெட்டியே மின்சாரத்தை நிறுத்திவிடும். மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் மறுபடி விடும். ஆரம்பத்தில் ஊர் அடங்கிய பிறகுதான் நிறுத்தியது. போகப்போக, பிள்ளைகள் சோற்றில் கை வைக்கும்போதே நிறுத்த ஆரம்பித்தது.

கன்னியப்பனுக்கு மண்டை காய்ந்தது. வெயிலோ கொளுத்துகிறது. தட்டில் தூசி இல்லை, பேட்டரியில் தண்ணீர் குறையவில்லை. அப்புறம் ஏன்? பெட்டிக்குப் பேய் பிடித்துவிட்டதா, தனக்குத்தான் புத்தி கெட்டுவிட்டதா என்று புரியாமல், பெட்டி எதிரிலேயே குந்தியிருப்பான்.

ஊருக்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. "இதுல இன்னா மர்மம்? கன்னியப்பன் அவன் மச்சான் டிராக்டர் பேட்டரிக்கு சார்ஜ் போட்டுக் குடுத்து துட்டு பாக்கறான்" என்றான் பலராமன், டீக்கடையில் பத்து பேர் காதுபட. கன்னியப்பனின் மச்சானிடம் டிராக்டரே இல்லை. அதையா ஊர் பார்க்கும்? அன்றைக்கே கன்னியப்பன் திருடனாகிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸிலிருந்து என்ஜினீயர் பாண்டுரங்கன் வந்தார். ஊரே கொட்டகை வாசலில் கூடிவிட்டது. பேட்டரியைச் சோதித்துவிட்டு நிமிர்ந்தவர், "இதுங்க தினமும் சுத்தமா காலியாவுது, அதான் சக்தி கொறைஞ்சு போச்சு. எத்தனை மணிக்கு லைட்டை ஆஃப் பண்றீங்க?" என்று கேட்டார்.

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"ஆஃபா?" என்றாள் மீனம்மாள். "விளக்கு வைக்கிற நேரத்துல சுவிட்சைப் போட்டு, ஒரு கும்பிடு போடறோம். வெச்ச வெளக்கை நாங்க எதுக்கு சார் அணைக்கணும்? அதுவா மலையேறிடுது. காலையில எழுந்துதான் சுவிட்சை நிறுத்துவோம்."

"அடக் கடவுளே! தினமும் ரெண்டு மணி நேரம்தான்னு மொத நாளே சொன்னேனே!"

சொன்னார்தான். ஆம்பிளைகளை உட்காரவைத்துச் சொன்னார். அவர்கள் தலையாட்டிவிட்டுக் கலைந்து போனார்கள்; வீட்டில் போய் யாரும் சொல்லவில்லை. கன்னியப்பனும் சேர்ந்துதான் ஆட்டினான்.

"எங்களை இன்னாத்துக்குக் கேக்கறீங்க? ஆபரேட்டர் பொண்டாட்டியே அணைக்கிறதில்ல. அவளுக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரியப்போவுது?" என்றாள் மீனம்மாள்.

கன்னியப்பன் தன் மனைவி பக்கம் திரும்பினான். மரகதம் கொஞ்சமும் அசரவில்லை.

"வூட்டு ஆம்பள ஏரிக்கரை இருட்டுல வந்துகினு கீறப்போ, வெளக்கை அணைச்சிட்டுப் படுக்கச் சொல்றியா? அங்கேர்ந்து பாத்தா நம்ம வூடு தெரியட்டும்னுதான் வுட்டு வெச்சேன்."

தெரியட்டுமாம்! அவன் கரையேறும் முன்பே அது அவிந்துவிடுகிறது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? திருட்டுப் பட்டம் போனதற்குச் சந்தோஷப்படுவதா, தன் வீட்டு விளக்கே ஊரின் பேட்டரியைக் கொன்றுகொண்டிருந்ததற்கு வெட்கப்படுவதா?

என்ஜினீயர் கறாராகச் சொல்லிவிட்டார். இந்த வாரம் முழுக்க எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் அணைய வேண்டும். பேட்டரி தேறினால் சரி. இல்லையென்றால் எல்லாவற்றையும் கழற்றி வேறு ஊருக்கு லாரி ஏற்றிவிடுவார்கள்.

"மொதல்ல மரகதம் வூட்ல அணையட்டும்" என்றாள் மீனம்மாள். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அன்று கன்னியப்பன் ஷிப்டுக்கு லீவு போட்டான். இருட்டியதும் மரகதம் சுவிட்சைப் போட்டாள். இரண்டு முறை கண்ணைச் சிமிட்டிவிட்டு டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது. அதன் ஓரத்தில் ஒரு குங்குமப் பொட்டு. மரகதத்தின் காதோரம் நரைத்திருந்ததே அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. இவ்வளவு நாளாக யாரோ ஒருத்தி வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்த மாதிரி இருந்தது அவனுக்கு.

எட்டு மணிக்குத் தெருவில் எல்லாரும் வாசலில் வந்து நின்றார்கள். எல்லார் கண்ணும் இந்த வீட்டின் மேல்தான்.

"மலையேத்து" என்றான்.

"நீயே பண்ணு."

சுவிட்சில் கை வைத்தான். வைத்த கை அப்படியே நின்றது. ஊருக்கே பேட்டரி பார்க்கிறவனுக்குத் தன் வீட்டு விளக்கை அணைக்கக் கை வரவில்லை, பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான். எதிர்வீட்டில் அணைந்தது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று தெருக்கோடி வரைக்கும் அணைந்துகொண்டே போனது.

"பாத்தியா, ஊரே கேட்டுச்சு. நாளையிலேர்ந்து நீயே அணைச்சிடு" என்றான்.

இருட்டுக்குள்ளிருந்து மரகதம் சொன்னாள்: "இன்னிக்கு நீ வூட்ல கீறே, அணைச்சே. நாளைக்கு நீ ஷிப்டுக்குப் போனா, நான் தொட மாட்டேன்."