செத்த துரையின் இஞ்சின்

எங்கள் பெரிய துரையைக் காட்டு ஆட்கள் சுட்டுக் கொன்றபின், அவருடைய பாய்மரப் படகு ஒரு வருஷத்துக்கு மேல் லுக்குட் பக்கத்துச் சேற்றுக் கால்வாயில் கேட்பாரற்றுக் கிடந்தது. அது மலாயாவில் எமர்ஜென்சி காலம்; காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளைத்தான் காட்டு ஆட்கள் என்போம். புக்கிட் பெலண்டோக் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு வேலிக் கதவைச் சாத்திவிட்டால், வெளியே நிற்பவன் யாராக இருந்தாலும் சுடலாம் என்பது உத்தரவு. துரை விழுந்த பதினோராம் நம்பர் ரப்பர்க் காட்டு ரோட்டில் மரம் கீறிப் பால் எடுக்கப் போகிறவர்கள், அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அங்கே நின்ற மரங்களில் அப்புறம் பால் சுரக்கவில்லை என்று அப்பா சொன்னார். நானும் நம்பினேன்.

என் தாய்மாமா தோட்டத்து ரப்பர் ஆலையில் இஞ்சின் டிரைவர். எழுதப் படிக்கத் தெரியாது. இஞ்சினின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டே என்ன நோய் என்று சொல்லிவிடுவார். துரை செத்த வாரம் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பத்து நாள் வைத்திருந்தது. காட்டு ஆட்களுக்கு டீசல் கொடுத்தார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆளை விட்டார்களே தவிர, பட்டியலிலிருந்து பெயரை அடிக்கவில்லை. அப்படிப் பெயர் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மாமா இரண்டு வயதில் தாய் மடியில் வந்தவர். ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

புதிதாக வந்த துரைக்கு அந்தப் படகின்மேல் ஆசை. அதில் பாய் தவிர ஒரு டீசல் இஞ்சினும் உண்டு. உப்புக் காற்றில் அது இறுகிக் கிடந்தது. தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மாமாவை ஆபீசுக்கு அழைத்தார்.

“இஞ்சின் ஓடினால், நீர் நல்ல மனுசன் எண்டு துரை போலீசுக்குக் கடிதம் குடுப்பார். ஓடாட்டில் நான் ஒண்டும் செய்ய ஏலாது.”

ஓடினால் கடிதம், ஓடாவிட்டால் கப்பல். அம்மா அன்றைக்கே மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டு வைத்தாள்.

மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். லயத்திலேயே போர்ட் டிக்சன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் நான் ஒருவன்தான். கிராணி சொல்லித்தான் இடம் கிடைத்தது. அப்போது மூன்றாம் வகுப்பு. படகில் இஞ்சினுக்கான புத்தகம் ஒன்று இருந்தது. “எம் மருமவன் இங்கிலீசுல எதைக் குடுத்தாலும் படிச்சிருவான்லா” என்று மாமா எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

படகு அலையாத்தி மரங்களுக்கு நடுவே இருந்தது. தண்ணீர் வற்றும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து சேற்றில் படுத்துக்கொள்ளும். ஏறும்போது முனகிக்கொண்டே நிமிரும். அதைக் காவல் காத்த மலாய்க் கிழவரைப் பாக்சிக் என்று கூப்பிடுவோம். அவர் கரையோடு சரி. ஒரு வருஷமாகப் படகில் கால் வைத்ததில்லையாம். உள்ளே போனதும் எனக்குக் காரணம் புரிந்தது. துரை நேற்றுத்தான் இறங்கிப் போனதுபோல் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. மூக்குக்கண்ணாடி, பாதி தீர்ந்த சுருட்டு, தலை அழுந்திய குழியோடு ஒரு தலையணை. நான் அந்தக் குழியைப் பார்க்காமல் உட்காரப் பழகிக்கொண்டேன்.

இரண்டு வாரம் வேலை நடந்தது. மாமா இஞ்சினின் தலையைக் கழற்றி, மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து ஊற்றி மூன்று நாள் ஊற வைத்தார். பிறகு கட்டை வைத்துத் தட்டித் தட்டி, இறுகிய பிஸ்டன்களை ஒரு மயிரிழை, ஒரு மயிரிழையாக நகர்த்தினார். தண்ணீர் ஓடும் வழிகளில் உப்பு கல்லாகிக் கிடந்தது; அதைச் சுரண்டினார். நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு படித்துச் சொன்னேன். ஓரங்களில் செத்தவரின் பென்சில் எழுத்து. சில வரிகளுக்கு அடியில் அழுத்தமாகக் கோடு. பக்கத்தைப் புரட்டும்போது, அவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து சேர்ந்து படிப்பதுபோல் கழுத்து கூசும்.

கடைசி நாள் காலையில் இஞ்சினுக்குள் புது எண்ணெய் ஊற்றவேண்டும். தண்ணீர் வற்றிப் படகு சாய்ந்திருந்தது. எவ்வளவு என்று மாமா கேட்டார். அளவுக் குச்சியின் மேல் கோடு வரைக்கும் ஊற்றவேண்டும் என்று படித்துச் சொன்னேன். அதற்குக் கீழே பென்சில் கோடு போட்ட இன்னொரு வரி இருந்தது. அதில் இரண்டு சொற்கள் எனக்குத் தெரியாதவை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

“அம்புட்டுத்தானா?”

“அவ்வளவுதான் மாமா.”

மேல் கோடு வரவே மாட்டேன் என்றது. மாமா ஊற்றிக்கொண்டே இருந்தார். ஆலை இஞ்சின் இவ்வளவு குடிக்காதே என்று ஒரு தரம் முணுமுணுத்தார்.

மத்தியானம் தண்ணீர் ஏறிப் படகு நிமிர்ந்தது. நாலு மணிக்குமேல் மாமா குழாய்களில் இருந்த காற்றை வெளியேற்றி, சூடம் ஏற்றி, எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினார். ஐந்தாவது சுற்றில் இஞ்சின் இருமியது. அடுத்ததில் பிடித்துக்கொண்டது. மாமா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். கரையில் பாக்சிக்கூடச் சிரித்தார்.

பிறகுதான் சத்தம் மாறியது. யாரும் கை வைக்காமலே இஞ்சின் வேகம் பிடித்தது. மாமா வேகத்தைக் குறைத்தார்; கேட்கவில்லை. டீசல் குழாயைத் திருகி மூடினார். நிற்கவில்லை. குழாயையே கழற்றி எடுத்தார். வாயில் ஒரு சொட்டு டீசல் இல்லாமல் காய்ந்த குழாய் அவர் கையில் இருக்கிறது. இஞ்சின் அதைப் பற்றிக் கவலைப்படாமல் இன்னும் உரக்க அலறுகிறது. நிறுத்தும் நெம்புகோலை இழுத்தார்; அது ஒடிந்து கையோடு வந்துவிட்டது. படகு முழுக்க நடுங்கியது. மூக்குக்கண்ணாடி பலகையின்மேல் தானாக நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து நின்றது. வெள்ளைப் புகை மரங்களுக்கிடையே நிரம்பி, கரை மறைந்தது. புகைக்குள்ளிருந்து பாக்சிக்கின் குரல் மட்டும் கேட்டது.

“துவான் பாலேக்.”

துரை திரும்பிவிட்டார் என்று அர்த்தம். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, விருந்தாளி வந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். அதற்குப் பிறகு அவரைக் காணோம்.

மாமா தலைத்துண்டை அவிழ்த்து இஞ்சின் காற்றிழுக்கும் வாயில் திணித்தார். துண்டு முழுசாக உள்ளே போய்விட்டது. யாரோ அந்தப் பக்கமிருந்து பிடித்து இழுத்ததை நான் பார்த்தேன். இன்றைக்கும் அப்படித்தான் கண்ணில் நிற்கிறது. கடைசியில் படுக்கைப் பலகையைப் பெயர்த்து அந்த வாயின்மேல் வைத்துத் தன் நெஞ்சை அதன்மேல் போட்டுப் படுத்துவிட்டார். உள்ளே ஏதோ முறிந்தது. இஞ்சின் நின்றது.

அந்த அமைதியில் சேற்று நண்டுகள் சொடுக்குப் போடுவது கேட்டது. கைப்பிடி இனிமேல் சுற்றாது என்பது எனக்கே தெரிந்தது.

மாமா வெகுநேரம் அளவுக் குச்சியை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு புத்தகத்தை எடுத்து, காலையில் படித்ததை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் விரலை வைத்து வரிகளை எண்ணினார். பென்சில் கோட்டில் விரல் நின்றது. என் வாய் அதற்கு முன்பே நின்றுவிட்டது. மாமா அந்தத் தாளை மட்டும் கிழித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆறு மணிக்குள் போய்ச் சேர இருவரும் வேலிக் கதவுக்கு ஓடினோம்.

மறுநாள் ஆபீசில் கிராணி மேசைக்கு முன்னால் நின்றோம்.

“புத்தகத்தைப் பாத்துத்தானே செய்தனீர்? தம்பிதானே வாசிச்சவன்?”

“புத்தகத்தத் தொறக்கவே இல்லீங்க ஐயா. இவன் சும்மா வேடிக்க பாக்க வந்தான். அளவெல்லாம் எனக்கே அத்துப்படி.”

நான் வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே மாமாவின் கால் என் காலை அழுத்தியது.

“அப்ப இஞ்சினைக் கெடுத்தது ஆர்?”

“செத்தவருதாங்க. கொழாயக் கழட்டுன பொறவும் ஓடிச்சு. பையனக் கேளுங்க, பொய் சொல்லமாட்டான்.”

கிராணி என்னைப் பார்த்தார். குழாயைக் கழற்றிய பிறகும் ஓடியது என்று சொன்னேன். அது சத்தியம்.

கிராணி பேனாவை மூடி வைத்தார். “பேயை நம்புறவனுக்குத் துரை என்னெண்டு கடிதம் எழுதுறது?”

பேய்க் கதை லயத்தில் நன்றாக விலைபோனது. பொழுது சாயும்போது கால்வாய்ப் பக்கமிருந்து இஞ்சின் சத்தம் வருவதாகச் சொன்னார்கள். எனக்கும் பல மாதம் கேட்டது. ஆனால் எனக்கு இருந்த பெரிய வருத்தம் வேறு. இரண்டு வாரம் நான் படித்துச் சொன்னதையெல்லாம் மாமா ஒரே வார்த்தையில் இல்லை என்று சொல்லி, பெயரைத் தானே தட்டிக்கொண்டார் அல்லவா? அதற்காக அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அவர் சமாதானத்துக்கு வரவும் இல்லை.

போன வருஷம் எனக்கு சிரம்பானில் வேலை கிடைத்தபோது அம்மா தன் தகரப் பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தாள். மாமா விட்டுப்போன சட்டையில் இருந்ததாம்; ஏதோ முக்கியமான காகிதம் என்று பத்திரப்படுத்தியிருக்கிறாள். பென்சில் கோடு இன்னும் அழியவில்லை. படகு மிதந்து நிமிர்ந்து நிற்கும்போது மட்டுமே இந்த அளவைப் பார்க்கவேண்டும் என்பதுதான் அந்த வரி. சாய்ந்த படகில் குச்சி பொய் சொல்லியிருக்கிறது. தேவைக்குமேல் ஊற்றிய எண்ணெய், படகு நிமிர்ந்ததும் பிஸ்டனைத் தாண்டி ஏறி, அதுவே டீசலாக எரிந்திருக்கிறது. ஆலையின் சிமெண்டுத் தரையிலேயே இஞ்சின் ஓட்டிய மாமாவுக்கு, தரையும் சாயும் என்பதைச் சொல்ல அந்த ஒரு வரிதான் இருந்தது.

அன்றைக்கு இஞ்சின் கெட்டு மூன்று வாரம் கழித்து, மாமாவைக் கப்பலுக்கு ஏற்றிப்போக லாரி வந்தது. ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய். அம்மா மண்ணில் உட்கார்ந்து அழுதாள். பிணக்கு தீராத நான் வேலிக் கம்பத்தோடு ஒட்டி நின்றேன். மாமாவே என்னிடம் வந்தார். குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

“மருமவனே, தெரியாத வார்த்த வந்தா தெரியாதுன்னு வாத்தியார்ட்ட கேட்டுக்கடா. தப்பில்ல.”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுத்தே தெரியாத மனுஷன், என்னிடம் வந்து இதைச் சொல்கிறார்.

“எனக்குத் தெரியாத வார்த்தையே கிடையாது மாமா.”

“சரிப்பா” என்றார். லாரியில் ஏறிக்கொண்டார்.