துணைக் கேள்விக்கு முன் பன்னிரண்டு வரி

சட்டசபையில் உறுப்பினர் எழுந்து நின்று அமைச்சரை மடமடவென்று கேள்வி கேட்பார் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது அப்படி நடப்பதில்லை. கேள்வியைப் பல நாள் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அது அச்சாகி எல்லார் மேசையிலும் இருக்கும். உறுப்பினர் எழுந்து அதன் எண்ணை மட்டும் சொல்வார், அமைச்சர் அச்சடித்த பதிலைப் படிப்பார். பெரும்பாலும் அது ‘அப்படி ஒரு கருத்துரு அரசிடம் இல்லை’ என்ற பதிலாகத்தான் இருக்கும். அதன் பிறகு உறுப்பினருக்குச் சில நிமிடம் கிடைக்கும். அப்போது அவர் கேட்பதுதான் துணைக் கேள்வி. கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அந்தச் சில நிமிடத்தை ஒருமுறை நான் வீணாக்கினேன். அதைத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரம் தனி மாவட்டமானபோது, திண்டிவனத்திலிருந்து நான் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து நாலு மிஷின் போட்டு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தேன். கலெக்டர் ஆபீஸ் வந்ததும் படிக்க வந்த பிள்ளைகளைவிட மனு அடிக்க வந்தவர்கள் அதிகமானார்கள். வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு, அதிலிருந்து அழுகையை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் தாளில் இறக்கிக் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்படி மனு அடிக்க வந்தவர்தான் அந்த அக்கா. காணைப் பக்கத்து ஊர், களை எடுக்கப் போகிறவர். அவர் ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு ஓடை, அதன் மேல் தரைப்பாலம். மழைக்காலத்தில் தண்ணீர் பாலத்துக்கு மேலேதான் போகும். ஏழாவது படித்த அவருடைய பெரிய மகள் ஒரு ஐப்பசி சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அங்கே விழுந்தாள். இரண்டு நாள் கழித்துக் கோலியனூர்ப் பக்கம் ஒரு ஏரி மதகில் கிடைத்தாள்.

பாலத்தை உயர்த்திக் கட்டச் சொல்லி நான் அடித்துக் கொடுத்த மனுவுக்கு நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதை அவர் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தார். படித்துக் காட்டினேன். மேற்படி தரைப்பாலத்தில் உயிரிழப்பு நிகழ்ந்ததாகப் பதிவு இல்லை, எனவே முன்னுரிமைப் பட்டியலில் சேர்க்க இயலவில்லை என்று இருந்தது. உடல் கிடைத்த ஊரின் கணக்கில்தான் சாவு எழுதப்பட்டிருந்தது.

“பதிவு இல்லன்னா இன்னா டீச்சர்? அவ வுழலன்றாங்களா?”

“வுழுந்ததை இல்லன்னு சொல்லலக்கா. இந்தப் பாலத்துல வுழுந்ததா எழுதலன்னு சொல்றாங்க.”

அவர் கடிதத்தை வாங்கி மறுபடி மடித்தார். பிறகு, “சின்னவ இப்ப அதே பாலத்துலதான் போய்க்கினு இருக்கா” என்றார்.

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. அப்போது முதல்முறை ஜெயித்தவர். நல்ல மனுஷர், நாலு பேர் குறையைக் காது கொடுத்துக் கேட்பார். ஆனால் சபையில் எழுந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கையெழுத்தும் கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதனால் அவருடைய கேள்விகளை நான்தான் அடித்துக் கொடுத்தேன். போகப்போக எழுதியும் கொடுத்தேன். அந்தக் காலத்தில் எழுந்ததும் நேராகக் கேள்விக்குப் போகும் வழக்கமில்லை. முதலில் கட்சித் தலைமையைப் புகழ்ந்து ரெண்டு வரியாவது சொல்ல வேண்டும். “அதைச் சொன்னாதாம்மா எனக்கு நாக்கு புரளுது” என்பார். பள்ளிக்கூடத்தில் கவிதைப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். ரெண்டு வரி கேட்டால் நாலு வரி கொடுப்பேன். அவர் அதைப் படித்ததும் சபையில் மேசையைத் தட்டினார்கள் என்று வந்து சொல்லும்போது, எனக்கே தட்டிய மாதிரி இருக்கும்.

பாலம் விஷயத்தை அவரிடம் சொன்னேன். உடனே சம்மதித்தார். கேள்வி போய்ச் சேர்ந்து, பட்டியலில் வந்து, நாளும் குறித்தாயிற்று. அதைக் கேட்டதும் அந்த அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

“பாலம் வர்றப்ப வரட்டும் டீச்சர். அவ அங்கதான் வுழுந்தான்னு அந்தப் பெரிய சபையில ஒருத்தர் வாயால வந்துட்டா போதும். அப்புறம் இல்லன்னு சொல்ல முடியாது இல்ல?”

“முடியாதுக்கா. சபையில சொன்னா புக்குல ஏறிடும்.”

எம்.எல்.ஏ. எங்கள் இருவருக்கும் பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். கூடவே ஒரு விஷயமும் சொன்னார். அன்றைக்குத் தலைமையும் சபைக்கு வருகிறதாம். “இந்த வாட்டி கொஞ்சம் பெருசா எழுதிடும்மா” என்றார். நான் பன்னிரண்டு வரி எழுதினேன். ஆறுகளையும் மேகங்களையும் இழுத்து வந்தேன். நீங்கள் நடந்தால் நதியும் உடன் நடக்கும், நீங்கள் கைகாட்டினால் பெய்த மழையும் நிற்கும் என்று ஒரு இடம். அதை எழுதிவிட்டு நானே இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். யாருடைய சாவைச் சொல்வதற்கு முன்னால் இந்த மழை வருகிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை. அதற்குக் கீழே, ஒரு வரி இடம் விட்டு, மகளின் வயது, விழுந்த பாலம், கிடைத்த மதகு எல்லாவற்றையும் அடித்தேன். அது ஆறே வரிதான்.

அந்த அக்கா அன்றைக்கு ஒரு பச்சைச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். கோட்டை வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மாடத்தில் முன்வரிசையில் எங்களுக்கு இடம் கிடைத்தது. கீழே எங்கள் எம்.எல்.ஏ. எழுந்து எண்ணைச் சொன்னார். அமைச்சர் கருத்துரு ஏதும் இல்லை என்று பதிலைப் படித்தார். அது எதிர்பார்த்ததுதான். பிறகு எம்.எல்.ஏ. என் தாளைக் கையில் எடுத்தார்.

முதல் நாலு வரிக்கே மேசை அதிர்ந்தது. அவர் நிறுத்தி, தட்டி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்த வரிக்குப் போனார். ஒவ்வொரு தட்டலுக்கும் அவருக்குத் தைரியம் கூடியது, குரல் ஏறியது. சில வரிகளை இரண்டு தரம் சொன்னார். ஒவ்வொரு வரியாக நானும் மேலே உட்கார்ந்து கூடவே சொல்லிக்கொண்டிருந்தேன், சத்தமில்லாமல். மழை நிற்கும் இடம் வந்தபோது தலைமை சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு உடம்பு புல்லரித்தது. இதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

பேரவைத் தலைவர், “உறுப்பினர் கேள்விக்கு வரணும்” என்றார். ஒன்பதாவது வரி முடிந்திருந்தது. எம்.எல்.ஏ. பத்தாவதுக்குப் போனார். “நேரம் ஆயிடுச்சு, கேள்வியக் கேளுங்க” என்று மறுபடியும் குரல் வந்தது. அவர் தடுமாறிவிட்டார். தாளில் கண்ணை ஓட்டினார், இடம் பிடிபடவில்லை. “அந்தப் பாலத்தை உயர்த்திக் கட்டித்தர அரசு முன்வருமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும் என்றார் அமைச்சர். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள்.

அந்த ஆறு வரியும் தாளிலேயே தங்கிவிட்டது. அக்கா என் பக்கம் திரும்பி, “இனிமேதான் சொல்லுவாரா?” என்று கேட்டார். காவலுக்கு நின்றவர் பேசக் கூடாது என்று சைகை காட்டினார். அது எனக்கு வசதியாகப் போயிற்று.

திரும்பும்போது பஸ் திண்டிவனத்தில் நின்றது. நான் பிறந்து வளர்ந்த ஊர், எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அன்றைக்கு இறங்கவே பிடிக்கவில்லை. ஜன்னலில் அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, விற்றுக்கொண்டு வந்தார்கள். அக்கா ஒரு பொட்டலம் வாங்கி என் மடியில் வைத்தார். காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை என்று கவனித்திருக்கிறார். பிறகு முன்சீட்டைப் பார்த்தபடி கேட்டார்.

“கை காட்னா மழை நிக்கும்னு சொன்னாரே, அது யாரு டீச்சர் எழுதினது?”

“கட்சி ஆளுங்க யாராவது எழுதியிருப்பாங்கக்கா.”

“நல்லா எழுதிக்கிறாங்க” என்றார்.

மறுவாரம் எம்.எல்.ஏ. ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தார். தலைமை கூப்பிட்டுப் பாராட்டியதாம். நான் பாக்கெட்டைத் தொடவில்லை. “அந்தப் பொண்ணு விஷயத்தைச் சொல்லவே இல்லையே ஐயா” என்றேன். அவர் முகம் சுருங்கியது. “எனக்கும் ராத்திரியெல்லாம் அதே பேஜாருதாம்மா. இந்தக் கூட்டத்தொடர்ல அதே கேள்விய மறுபடி போட முடியாது. அடுத்ததுல பாக்கலாம்” என்றார். அவர் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. அவர் கேட்டது ‘கொஞ்சம் பெருசா’. பன்னிரண்டாக்கியது நான். ஆறு வரியைக் கீழே வைத்ததும் நான்தான். அடுத்த கூட்டத்தொடரில் அவருடைய கேள்வி பட்டியலில் ஏறவில்லை. அதற்கடுத்த தேர்தலில் அவருக்கு சீட்டும் கிடைக்கவில்லை.

தவக்காலத்தில் மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஒரு தாயிடம் பொய் சொன்னேன், அதற்கு முன் தற்பெருமையால் ஒரு காரியத்தைக் கெடுத்தேன் என்றேன். பங்குச் சாமியார் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தை மூன்று தரம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்து வெளியே வந்தும் பாரம் அப்படியேதான் இருந்தது. சொல்ல வேண்டியவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி என்ன.

சின்ன மகள் மழைக்காலம் வந்தால் பள்ளிக்கூடம் போகமாட்டாள், அம்மா விடமாட்டார். எட்டாவதில் வருகைப் பதிவு போதவில்லை என்றார்கள். ஒன்பதாவது போகவே இல்லை. அதையும் அக்கா வந்து சாதாரணமாகத்தான் சொன்னார். பன்னிரண்டு வரியின் விலை அது என்று எனக்குள் ஓடியது. அதன் பிறகு கல்யாண வாழ்த்துகூட நான் எழுதிக் கொடுத்ததில்லை.

அக்கா மட்டும் வருவதை நிறுத்தவில்லை. வருஷத்துக்கு ஒரு மனு. என் மிஷின்கள் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, தெருவில் இன்னும் மூன்று கடைகள் வந்தன. அவர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தக் கடைகளைத் தாண்டி என்னிடமே வருவார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, வேறொரு எம்.எல்.ஏ. காலத்தில், அந்தக் கேள்வி மறுபடியும் பட்டியலில் வந்தது. துணைக் கேள்விக்கு நான் ஒரே ஒரு தாள் கொடுத்தேன். முதல் வரியிலேயே மகளின் வயது இருந்தது. அவர் புரட்டிப் பார்த்து, “மேல ஒண்ணும் இல்லையே டீச்சர்?” என்றார். “வணக்கம் நீங்களே சொல்லிக்கோங்க ஐயா. இதை மட்டும் முதல்ல படிச்சிடுங்க” என்றேன். அவர் அப்படியே படித்தார். பன்னிரண்டு வயதுப் பெண், இந்தத் தரைப்பாலத்தில் விழுந்தாள், கோலியனூர் அருகே மதகில் கிடைத்தாள், அரசின் பதிவில் அவள் இங்கே விழவில்லை என்று இருக்கிறது, அமைச்சர் இதை அறிவாரா என்று. யாரும் மேசையைத் தட்டவில்லையாம். அமைச்சர் நேரில் ஆய்வு செய்யச் சொல்கிறேன் என்றாராம். இரண்டு வருஷத்தில் பாலம் வந்தது.

அந்த முறை மாடத்துக்கு அக்கா வரவில்லை, எனக்கும் போக மனமில்லை. அச்சான சபைக் குறிப்பின் நகல் கிடைத்ததும் படித்துக் காட்டினேன். மறுபடி படிக்கச் சொன்னார். மூன்று முறை படித்தேன்.

பாலம் திறந்து ஒரு மாதம் கழித்து, பார்த்துவிட்டுப் போகலாம் வாருங்கள் என்று என்னைக் கூட்டிப்போனார். ஒரு ஓரத்தில் திறப்புவிழாக் கல் இருந்தது. அக்கா அதைப் பார்க்காமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான் இருந்தது. கண்டமங்கலம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்த சின்ன மகளை வேன் இந்த வழியாகத்தான் கொண்டுவந்து விடும் என்றார். அப்போது என்னால் அடக்கமுடியவில்லை.

“அக்கா, அன்னிக்கு அந்த மழை நிக்கிற பாட்டை எழுதினது நான்தான்.”

“தெரியும்” என்றார், திரும்பாமலே. “அங்க மேல ஒக்காந்துக்கினு இருந்தப்ப உங்க வாய் அசைஞ்சிக்கினே இருந்துச்சே. அவரு சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லிட்டீங்க.”

அப்படியென்றால் பஸ்ஸில் கேட்டது தெரிந்தேதான். நான் சொல்கிறேனா என்று பார்த்திருக்கிறார்.

“தெரிஞ்சும் இத்தினி வருஷம் ஏன்க்கா எங்கிட்டயே வந்தீங்க? வேற கடையே இல்லையா?”

“வேற ஆளுன்னா அவ எங்க வுழுந்தா, எங்க கெடைச்சான்னு முதல்லேர்ந்து சொல்லணும். அதை இன்னொரு வாட்டி சொல்ல எனக்குத் தெம்பு இல்ல டீச்சர்.”