குப்பைமேட்டுக் கொலையும் என் தங்கை வீட்டுக்காரரும்

என் தங்கைக்கு நான்தான் மாப்பிள்ளை பார்த்தேன். போலீஸ் என்றார்கள். போலீஸ் என்றால் மீசை இருக்கும், அதட்டல் இருக்கும், தெருவில் நாலு பேர் பயப்படுவார்கள் என்று நினைத்தேன். வந்து சேர்ந்தது என்னவென்றால், திருடனைப் பிடித்தாலும் முதலில் அவனுக்கு நாற்காலி போடுகிற ஒரு மனுஷர். யாரை விசாரித்தாலும் "மன்னிக்கணும்" என்றுதான் ஆரம்பிப்பார். ஸ்டேஷனில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. "மன்னிக்கணும் வந்தாச்சா?" என்று நேற்று வேலைக்குச் சேர்ந்த கான்ஸ்டபிள்கூடக் கேட்பான். இவரும் சிரித்துக்கொண்டே "வந்தாச்சு" என்பார். ரோஷம் என்பது எந்தக் கடையில் கிடைக்கும் என்றே தெரியாத ஜென்மம்.

ஸ்டேஷனுக்கு எதிரே என் இஸ்திரிக் கடை. அங்கே இருக்கிற அத்தனை பேருடைய உடுப்பும் என் மேசைமேல்தான் விறைக்கிறது. உடம்பில் இல்லாத விறைப்பு துணியிலாவது இருக்கட்டும் என்று கஞ்சியைக் கொஞ்சம் தாராளமாகவே போடுவேன். இன்ஸ்பெக்டர் தன் சட்டையை ஆள்விட்டு அனுப்புவார். அதுவும் மற்றவர்கள் துணியை ஒதுக்கிவிட்டு முதலில் தேய்க்க வேண்டும். என் தங்கை வீட்டுக்காரரோ தன் சட்டையைத் தானே கொண்டுவந்து வரிசையில் நிற்பார். நான் அவர் பெண்டாட்டிக்கு அக்காள்! "என் மானத்தை வாங்காதீங்க தம்பி, முன்னால வாங்க" என்றால், "அவங்க முதல்ல வந்தாங்க அக்கா" என்பார்.

அந்த இன்ஸ்பெக்டருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் இவர்தான். அவன் மேலே போய்விட்டான், இவர் அதே சப்-இன்ஸ்பெக்டர். நகைக்கடைத் திருட்டு, பங்களாக் கொள்ளை என்று பத்திரிகையில் படம் வருகிற கேஸெல்லாம் மற்றவர்களுக்கு. யாரும் கேட்டு வராத பிணம், பிச்சைக்காரர்களின் அடிதடி, பைத்தியம் தொலைந்தது, இதெல்லாம் இவர் தலையில். வீட்டுக்கு வந்தால் ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டுப் பின்பக்கமாய்ப் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். என் தங்கையின் சட்டம். "மத்தவ புருஷனெல்லாம் சென்ட் வாசனையோட வர்றான். எனக்கு வாய்ச்சது எந்தச் சாக்கடையில இறங்கிட்டு வருதோ" என்று என் கடையில் வந்து மூக்கைச் சிந்துவாள். என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? பார்த்துக் கட்டி வைத்த பாவி நானே வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

ரயில்வே சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் குப்பைமேடு இருக்கிறது. ஊரே அங்கே கொண்டுபோய்க் கொட்டும். அதைக் கிளறிப் பிழைக்கிற சனங்களைக் கண்டால் மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்ளும். நாற்றம் என்னவோ அவர்கள் வீட்டில் பிறந்தது மாதிரி! ஆளுக்கொரு இரும்புக் கொக்கி வைத்திருப்பார்கள், குப்பையைக் கிளற. கம்பியை வளைத்துப் பிடியில் துணி சுற்றியது. அந்த மேட்டில் ஒரு நாள் காலையில் பாட்டில்காரி என்கிற பெண் மண்டை உடைந்து கிடந்தாள். பக்கத்தில் ரத்தத்தோடு ஒரு தடித்த கொக்கி.

யாரும் கூப்பிடாமலே இரும்புக்கடை முதலாளி ஸ்டேஷனுக்கு வந்தார். அந்தச் சனங்கள் பொறுக்குகிற இரும்பை எல்லாம் வாங்கி வாங்கியே தொப்பை வளர்த்த பெரிய மனுஷர். இன்ஸ்பெக்டருக்கு எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து சாட்சி சொன்னார்.

"அது ஒத்தைக்காதோட கொக்கி சார். கம்பி என் கடைக் கம்பி, எனக்குத் தெரியாதா? முந்தின நாள் சாயங்காலம்கூட அவன் கையில அதைப் பார்த்தேன். அவளோட சண்டை போட்டுக்கிட்டு நின்னான்."

ஒத்தைக்காது என்பது அங்கே பொறுக்குகிற ஒருவன். ஒரு காது பாதிதான் இருக்கும். பிடித்தபோது அவன் கையில் வேறு ஒரு கொக்கி இருந்தது. "கொன்னதைப் போட்டுட்டு வேற எடுத்துக்கிட்டான்" என்றான் இன்ஸ்பெக்டர். அடேயப்பா, என்ன மூளை! கஞ்சி போட்டு விறைக்க வைக்கலாம் போல. "குப்பைக்காரன் குப்பைக்காரியைக் கொன்னுட்டான். இதுல துப்பறிய என்னய்யா இருக்கு? எழுதி முடிச்சு அனுப்பு" என்று இவரிடம் தள்ளிவிட்டான்.

எழுதி முடித்தால் ஒத்தைக்காதுக்கு ஆயுள் முழுக்க ஜெயில். அவனோ வாயைத் திறக்கவில்லை. அடித்துப் பார்த்தார்கள், பட்டினி போட்டார்கள். "இது உன் கொக்கிதானே?" என்றால் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் தங்கை வீட்டுக்காரர் கம்பிக்கு வெளியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "மன்னிக்கணும், நீ பேசலைன்னா உன்னைக் காப்பாத்த எனக்கு வழி தெரியலைப்பா" என்றாராம். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். இந்தக் கூத்தைக் கான்ஸ்டபிள் என் கடையில் வந்து நடித்துக்காட்டினான். அவன் சட்டைக் காலரில் மஞ்சளாய் ஒரு சூட்டுத் தழும்பு விழுந்தது என் கை தவறியல்ல.

எழுதி முடிக்காமல் இந்த மனுஷர் குப்பைமேட்டுக்குப் போனார். யாரும் பேசவில்லை. மறுநாளும் போனார். கவிழ்த்துப்போட்ட ஒரு தகர டின்மேல் ஓரமாய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பாட்டில்காரியின் உடலை இவரே அலைந்து வாங்கிக்கொடுத்தார். புதைத்துவிட்டு வந்த சாயங்காலம்தான் அவர்கள் வழக்கம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். நேராக என் கடைக்கு வந்தார். மேலெல்லாம் குப்பை நாற்றம். பக்கத்தில் நின்ற வாடிக்கைக்காரி நகர்ந்துகொண்டாள்.

"அக்கா, அவங்கள்ல யாராவது செத்துட்டா, எல்லாரும் கொக்கியைக் கொண்டுவந்து ஒரே குவியலாப் போடுறாங்க. வழக்கமா செத்தவங்க கொக்கியும் அதுல சேர்த்தி, பாட்டில்காரியோடதுதான் இன்னைக்கு இல்லை. பிடித் துணியை உருவிட்டு எல்லாத்துக்கும் புதுத் துணி சுத்துறாங்க. அப்புறம் திரும்பி நின்னு, பார்க்காம, கைக்கு வந்ததை எடுத்துக்குறாங்க. தன்னோடதே வந்தா போட்டுட்டு வேற எடுக்கணும். என்னையும் திரும்பி நிக்கச் சொன்னாங்க. நின்னேன்."

"யூனிஃபார்மோடயா?"

"ஆமா."

"உருப்பட்ட மாதிரிதான். அதுக்கு என்ன இப்போ?"

"போன மாசம் அங்க ஒரு பொண்ணு காய்ச்சல்ல செத்துச்சு அக்கா. அப்பவே கொக்கியெல்லாம் கை மாறியாச்சு. ஒத்தைக்காதோட பழைய கொக்கி அதுக்கப்புறம் அவன்கிட்ட இல்லவே இல்லை. அப்படின்னா முந்தின நாள் சாயங்காலம் முதலாளி அதை அவன் கையில எப்படிப் பார்த்தார்?"

இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தேன். சீ, என்ன மனுஷன் அந்த முதலாளி! காலமெல்லாம் அந்தச் சனங்கள் உழைப்பைத் தின்றவன். எந்தக் கம்பி எந்தக் கடையில் வாங்கியது என்று தெரிகிறது. அவர்களில் ஒருத்தி செத்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. தராசு முள்ளைத் தவிர வேறு எதையும் நிமிர்ந்து பார்த்திருந்தால்தானே!

"பிறகென்ன, ஒத்தைக்காதைச் சொல்லச் சொல்லுங்க."

"சொல்ல மாட்டான். யாருமே சொல்ல மாட்டாங்க. எந்தக் கொக்கி யாரோடதுன்னு வாயால சொல்லிட்டா, செத்தவங்க கொக்கி எதுன்னு வெளிய வந்துரும். வெளிய வந்துட்டா அதை அப்புறம் யாரும் தொடக் கூடாது. கால்வாய்ல போட்டுரணும். செத்தவங்க இன்னும் நம்ம கூட வேலை செய்றாங்கங்கிற நினைப்பே அதோட போச்சு. ஜெயிலுக்குப் போனாலும் போவானே தவிர, அதை மட்டும் சொல்ல மாட்டான்."

தலையைக் குனிந்துகொண்டு, "கோணிக்காரிகிட்ட கேட்டேன் அக்கா. காய்ச்சல்ல செத்த பொண்ணோட அம்மா. கேக்கக் கூடாததுதான். கோர்ட்டுல வந்து சொல்றேன்னு சொல்லியிருக்கா" என்றார். பிறகு வழக்கம்போல் இழுத்தார். "மன்னிக்கணும், அவகிட்ட நல்ல துணி இல்லை. வாசல்லயே விரட்டிருவாங்க. உங்க துணி ஒண்ணு..."

வாயில் வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே என் சாம்பல் நிறத் துணியை எடுத்து, மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தேன். கூடவும் போனேன். அந்தக் கோர்ட் வாசல் காவல்காரன் ஏதாவது சொல்லட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று.

கோர்ட்டைப் பற்றி என்ன சொல்வது? கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் எல்லாம் கோணிக்காரியைப் பார்த்துக் கைக்குட்டையைத் தேடினார்கள். உடம்பைத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தாள், பாவம். மேசைமேல் இரண்டு கொக்கிகள் கிடந்தன, ரத்தக்கறைக் கொக்கியும் ஒத்தைக்காதிடம் பிடித்ததும். ஒத்தைக்காது கூண்டில் நின்றான், முகம் வீங்கி. இரும்புக்கடை முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே நம் இன்ஸ்பெக்டர், தேய்த்த சட்டையில்.

அவள் அந்த வழக்கத்தைச் சொன்னாள். தடித்த கொக்கி போன மாதமே பாட்டில்காரி கைக்குப் போய்விட்டது, அவள் கொக்கியாலேயே அவளை யாரோ அடித்திருக்கிறார்கள் என்றாள். அரசு வக்கீல் சிரித்தார்.

"குப்பையில இவ்வளவு சாஸ்திரமா? திரும்பி நின்னு, பார்க்காம எடுக்கிறீங்கன்னு நீயே சொல்றே. புதுத் துணி வேற சுத்திடுறீங்க. அப்புறம் எது யார்கிட்ட போச்சுன்னு உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

அவள் சாட்சிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மேசைமேல் கிடந்த இன்னொரு கொக்கியைக் காட்டினாள்.

"அது எம்பொண்ணோடது சார். ஒத்தைக்காதுகிட்ட போச்சு. எத்தனை துணி சுத்துனாலும் அந்த வளைவு எனக்குத் தெரியும். தினமும் காலையில அவன் எந்தப் பக்கம் பொறுக்கப் போறான்னு பார்ப்பேன். அந்தப் பக்கமே நானும் போவேன். அது குப்பையில இறங்கி இறங்கி எழும்பும். பார்த்துக்கிட்டே இருப்பேன். அவன் கையில வேற கொக்கியை நான் ஒருநாளும் பார்க்கலை."

யாரும் சிரிக்கவில்லை. ஒத்தைக்காது முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு ஓவென்று அழுதான். தன் கையில் இருந்தது யாருடையது என்று அந்த நிமிஷம் வரை அவனுக்குத் தெரியாது. நீதிபதி முதலாளியை எழுந்து நிற்கச் சொன்னார். கொக்கியை எப்போது பார்த்தீர்கள் என்று மறுபடி கேட்டதற்கு முதலாளி முதலில் சாயங்காலம் என்றார், பிறகு போன மாதம் என்றார், பிறகு தண்ணீர் கேட்டார்.

அவர் கடையைச் சோதனை போட்டார்கள். தரைக்கடியில் ரயில்வேயில் திருடிய செம்புக் கம்பி சுருள் சுருளாக இருந்தது. அதையெல்லாம் கொலைக்கு முன்பு பாட்டில்காரியின் குடிசையில்தான் பதுக்கி வைத்திருந்தாராம். இனிமேல் வைக்க மாட்டேன், சொல்லிவிடுவேன் என்றிருக்கிறாள். அவள் கையிலிருந்த கொக்கியையே பிடுங்கி அடித்துவிட்டார். அடித்த பிறகுதான் அது ஒத்தைக்காதின் பழைய கொக்கி என்று பார்த்து, வழி கிடைத்தது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். நாய்ப்பிழைப்பு! பத்திரிகையில் இன்ஸ்பெக்டரின் படம் வந்தது, 'திறமையான புலனாய்வு' என்று. அந்தத் தாளில்தான் அவன் சட்டையை மடித்துக் கட்டி அனுப்பினேன். என் தங்கை வீட்டுக்காரரின் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை. "நல்லவேளை அக்கா" என்றார். இவரை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

ஒத்தைக்காது வெளியே வந்த அன்று கோணிக்காரி என் துணியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். வைத்துக்கொள் என்றேன். மறுத்துவிட்டாள். ஸ்டேஷன் வாசலில் ஒத்தைக்காது, திரும்பக் கிடைத்த அவள் பெண்ணின் கொக்கியைத் துணியில் சுற்றி அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை, "நீயே போடு" என்றாள். இவரும் கூடப் போனார். மூன்று பேரும் கால்வாய்க்கு நடந்து போனார்கள்.

திரும்பி வந்து இவர் என்னிடம் அதிகம் சொல்லவில்லை. தண்ணீரில் போட்டபோது அவள் அழவில்லையாம். மறுநாள் காலையில் இவர் மேட்டுப் பக்கம் போனபோது எல்லோரும் கொக்கியை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இறங்கிவிட்டார்களாம். கோணிக்காரி மட்டும் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தாளாம்.